மூன்றாம் தலைமுறையின் முடிவு: படுகளம் முதல் பாகுபலி வரை

வேடசந்தூர் வட்டத்து அய்யலூரை வெளியூர்க்காரர்கள் வியாழக்கிழமை ஆட்டுச் சந்தையை வைத்துத்தான் அறிவார்கள். இக்கட்டுரைக்கு அவ்வூர் வேறொரு காரணத்தால் வேண்டியிருக்கிறது. திருச்சி - திண்டுக்கல் சாலையில் அங்கிருந்து வடக்கு நோக்கிப் போனால் வையம்பட்டியும் மணப்பாறையும் வரும். மணப்பாறை வட்டத்தில்தான் வீரப்பூர் இருக்கிறது. பொன்னரும் சங்கரும் மாண்ட இடமென்று மக்கள் கும்பிடும் படுகளம் அவ்வூரை ஒட்டியது. கொங்கு நாட்டுக்கு உரியதென்று சொல்லப்படும் இவர்களின் அண்ணன்மார் கதை உயிரோடு வழங்கும் நிலத்தின் தெற்கு ஓரமாக அய்யலூர்ச் சமவெளியைக் கொள்ளலாம். பாகம் பாகமாக வந்த மாயக் காவியப் படங்களின் கடைசிப் பாகத்தைத் தமிழர் எப்படி வரவேற்றனர் என்ற கேள்வியை இங்கே நின்று கேட்டால், திரை வணிகக் கணக்குகள் தராத ஒரு விடை கிடைக்கிறது.

அண்ணன்மார் கதை மூன்று தலைமுறைக் கதை. பாட்டன் கோளாத்தாக் கவுண்டர், தகப்பன் குன்னுடையான், மூன்றாவதாகப் பொன்னர், சங்கர், தங்கை தங்காள். கொம்பன் என்னும் காட்டுப்பன்றி, தலையூர்க் காளியின் பகை, தெய்வங்களின் தலையீடு என்று மாயத்துக்குக் குறைவில்லை. உடுக்கடிப் பாட்டாக இதை இரவிரவாகப் பாடுவார்கள். கனடா நாட்டு மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1965-இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் இப்பாட்டை ஒலிநாடாவில் பதிந்தார். பின்னர் 1982-இல் அதைப் பற்றி ஆங்கிலத்தில் நூலும் எழுதினார்.

நமக்கு முக்கியமானது கடைசி இரவு. சங்கர் தன் வாளிலேயே விழுந்து மடிகிறான், பொன்னரும் பின்தொடர்கிறான். இது அங்கே உட்கார்ந்திருக்கும் சிறுவனுக்கும் தெரியும். தெரிந்திருந்தும் கூட்டம் அன்றைக்குத்தான் அதிகம். படுகளச் சடங்கில் அருள் வந்தவர்கள் மாண்டவர்போல் விழுந்து கிடப்பார்கள், தீர்த்தம் தெளித்து எழுப்புவார்கள். கதையிலும் சாவோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. தங்காள் அண்ணன்களைத் தேடிப் புறப்பட்டு, படுகளம் சேர்ந்து, அவர்களைச் சிறிது நேரம் உயிர்ப்பித்துப் பேசிய பிறகே கதை ஓய்கிறது. உச்சத்துக்குப் பிறகு நீளும் இந்தத் துக்கப் பகுதியைக் கேட்போர் சுமையாக நினைப்பதில்லை, இதற்காகத்தான் வருகிறார்கள்.

சினிமா இந்த நிலத்துக்கு ரயில் வழியே வந்தது. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கி 1905-இல் ஊர் ஊராகக் காட்டத் தொடங்கினார். டூரிங் டாக்கீஸ் என்று பின்னால் பெயர் பெற்ற கூடாரக் கொட்டகைகளுக்கு அவரே முன்னோடி. 1951-இல் வந்த ‘பாதாள பைரவி’ தொடங்கி இயக்குநர் விட்டலாச்சார்யாவின் படங்கள் வரை மந்திரவாதிகளும் பூதங்களும் மணல் தரையில் உட்கார்ந்திருந்தவர்களை மிரட்டிக்கொண்டிருந்தன. விட்டலாச்சார்யாவின் ‘ஜகன்மோகினி’ (1978) தெலுங்கிலிருந்து மொழிமாற்றி வந்து தமிழ்நாட்டில் சக்கைப்போடு போட்டது. ஆனால் இப்படங்கள் ஓரிரவில் தொடங்கி ஓரிரவில் முடிந்தன. கல்யாணம், பட்டாபிஷேகம், ‘சுபம்’. நாயகன் மடிந்து தங்கை அழும் முடிவுக்கு அங்கே இடமில்லை. எனக்கென்னவோ இந்தச் சுபம்தான் காவிய ரசனையில் விழுந்த முதல் முறிவு என்று தோன்றுகிறது.

அண்ணன்மாரே திரைக்கு வந்தபோது என்ன நடந்தது? மு. கருணாநிதியின் ‘பொன்னர்-சங்கர்’ நாவலை அவருடைய வசனத்தோடு தியாகராஜன் இயக்கினார். பிரசாந்துக்கு இரட்டை வேடம், இசை இளையராஜா. 2011 ஏப்ரலில், சட்டமன்றத் தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன் வெளியானது. செலவுக்கும் அரங்குகளின் பிரம்மாண்டத்துக்கும் தக்க வரவேற்பு கிடைக்கவில்லை. தேர்தல் பரபரப்பைக் காரணம் காட்டுவது எளிது. பல இரவுகளில் மெல்ல ஏறும் துக்கத்தை இரண்டரை மணி நேரச் சண்டைகளுக்குள் அடக்க முடியாது என்பதுதான் என் முடிவு.

ஒரே மூச்சில் சொல்லாமல் பாகம் பிரித்துச் சொல்லும் துணிச்சலைப் பெரிய அளவில் காட்டியவர் நியூசிலாந்தின் பீட்டர் ஜாக்சன். டோல்கீன் கதையின் மூன்று பாகங்களையும் சேர்த்தே படமாக்கி, 2001 முதல் ஆண்டுக்கொன்றாக வெளியிட்டார். 2003 டிசம்பரில் வந்த மூன்றாம் பாகமான ‘த ரிட்டர்ன் ஆஃப் த கிங்’ 3 மணி 21 நிமிடம் ஓடியது. பரிந்துரைக்கப்பட்ட 11 ஆஸ்கர் விருதுகளையும் வென்றது. அதன்மேல் சொல்லப்பட்ட பெரிய குறை, கதைக்கு மையமான மோதிரம் அழிந்த பிறகும் படம் முடியாமல் விடைபெற்றுக்கொண்டே இருக்கிறது என்பது. தங்காளின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களிடம் இந்தக் குறை எடுபடாது. போர் முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போவது அவர்கள் வழக்கமில்லை.

தமிழிலும் தெலுங்கிலும் சேர்த்து ராஜமௌலி எடுத்த ‘பாகுபலி’ 2015 ஜூலை 10 அன்று வந்தது. மகிழ்மதி என்னும் நாட்டில் ஒரு தலைமுறைக்கு மேல் நீளும் அரியணைப் பகைதான் கதை. கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றான் என்ற முடிச்சோடு முதல் பாகம் நின்றது. 2017 ஏப்ரல் 28 அன்று இரண்டாம் பாகம் வந்தபோது, பணப் பிரச்சினையால் தமிழ்நாட்டில் காலைக் காட்சிகள் ரத்தாயின. காவிரி பற்றி முன்பு பேசிய பேச்சுக்காக, கட்டப்பாவாக நடித்த சத்யராஜ் கன்னடர்களிடம் வருத்தம் தெரிவித்த பிறகே கர்நாடகத்தில் வழி திறந்தது. இந்தத் தடைகள் எதுவும் கூட்டத்தைக் குறைக்கவில்லை. உலக வசூலில் 1,000 கோடி ரூபாயைத் தாண்டிய முதல் இந்தியப் படம் அதுவே. ஆனால் இங்கே கூட்டத்தை இழுத்தது முடிவு தெரியாத தவிப்பு. படுகளத்துக்கு நேர் எதிரான ரசனை இது. கொலையாளி யாரென்று தெரியும், காரணம் மட்டும் மறைந்திருந்தது என்ற அளவில் ராஜமௌலி பாதி வழியாவது பழைய ரசனைக்குப் பக்கத்தில் நின்றார்.

மணி ரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகமும் ஏப்ரல் 28-ஆம் தேதியே, 2023-இல் வெளியானது. 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய தொடராக வந்து, தலைமுறை தலைமுறையாக வாசிக்கப்பட்ட கதை என்பதால் முடிச்சு என்று ஒன்று மிச்சமில்லை. முதல் பாகத்தைவிட இரண்டாம் பாகத்தின் வசூல் குறைந்தது. நாவலின் மணிமேகலை ஏன் இல்லை, இளவரசன் கரிகாலனின் சாவை ஏன் மாற்றினீர்கள் என்று வாசகர்கள் சண்டைக்கு நின்றார்கள். கல்கி மூடி வைத்துவிட்டுப்போன கொலையைப் படம் கரிகாலன் தானே தேடிக்கொண்ட சாவாகக் காட்டியது. சங்கர் தன் வாளில் விழுந்ததை அறிந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. நாவலின் காவலர்களுக்குத்தான் அது பொறுக்கவில்லை. என் கணிப்பில், அந்தப் படத்தின் மிகச் சிறந்த காட்சி அதுவே.

ஆக, முடிவு தெரிந்திருப்பது கடைசிப் பாகத்தைக் கெடுப்பதில்லை. அந்த முடிவுக்குப் பிறகு வரும் துக்கத்துக்கு நேரம் தராததுதான் கெடுக்கிறது. இதை நிறுவ வசூல் பட்டியல்கள் போதா. வீரப்பூர் முதல் அய்யலூர், வடமதுரை வரை உடுக்கடிப் பாட்டுக் கேட்டவர்களும் பாடியவர்களும் இருக்கும்போதே, படுகளப் பகுதியைச் சுருக்காமல் முழு இரவாகப் பதிவு செய்ய வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகமும் திருச்சி, மதுரைப் பல்கலைக்கழகங்களின் தமிழ்த் துறைகளும் இந்த வேலையைக் கையிலெடுக்கட்டும்.