காணி போய் கிரவுண்டு வந்த கதை

யூபிலி மலர் என்றால் ஆலயம் எழும்பிய வரலாறும் பங்குத்தந்தையரின் வரிசையும் இடம்பெறுவது மரபு. நாம் இங்கு எழுத முற்படுவது வேறொரு வரலாறு. நம் பங்கு மக்கள் குடியிருக்கும் மண்ணுக்கு விலை ஏறிய வரலாறு. பாட்டனார் நாளில் நிலத்தைக் காணி என்று அளந்தனர். தந்தையார் நாளில் ஏக்கர், சென்ட் என்றாயிற்று. இன்றோ கும்மிடிப்பூண்டியிலும் திருவள்ளூரிலும் மனைத் தரகர் வாயில் கிரவுண்டு, சதுர அடி என்ற சொற்களே புழங்குகின்றன. 2,400 சதுர அடி கொண்ட கிரவுண்டு சென்னைப் பட்டணத்தின் அளவு. அளவு மாறியதிலேயே பாதிக் கதை அடங்கிவிடுகிறது.

மீதிக் கதையைப் பழவேற்காட்டிலிருந்து தொடங்க வேண்டும். சென்னை என்றொரு பட்டணம் தோன்றுமுன்பே பழவேற்காடு கடல் வாணிபத்தில் பெயர் பெற்றிருந்தது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியர் அங்கு வந்து தங்கினர்; மகிமை மாதா ஆலயம் அவர்கள் காலத்தை நினைவூட்டுவது என்பதைத் திருயாத்திரை சென்று வந்தோர் அறிவர். டச்சுக்காரர் 1613-இல் கெல்திரியா கோட்டையை நிறுவினர். உள்நாட்டு நெசவாளர் நெய்த துணிகள் அங்கிருந்து கீழைத் தீவுகளுக்குக் கப்பலேறின. மலேசியாவில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் 'பெலிக்காட்' என்றே பெயர். அது நம் பழவேற்காடுதான்! ஆங்கிலேயர் 1639-இல் சென்னையில் இடம் பெற்றுக் கோட்டை எழுப்பினர். டச்சுக்காரரோ 1690-இல் தங்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டனர். மண்ணும் ஏரியும் அங்கேயேதான் இருந்தன. முதல் போட்டவர்கள் இடம் மாறினர், ஊர் இளைத்தது.

அதன்பின் நெடுங்காலம் நம் பகுதி சென்னைக்குப் படியளக்கும் பகுதியாகவே இருந்தது. பக்கிங்காம் கால்வாயில் விறகும் உப்பும் மீனும் படகில் போயின. 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து தென்னகத்தின் முதல் பயணிகள் இரயில் ஓடியபோதே திருவள்ளூர் அத்தடத்தில் இடம்பெற்றுவிட்டது. எனினும் நில விலையை உண்மையில் அசைத்தது 1979-இல் இரு தடங்களிலும் வந்த மின்சார இரயில்தான் எனலாம். சீசன் டிக்கெட் எடுத்தவன் பட்டணத்தில் உழைத்து ஊரில் உறங்கலானான். நிலையத்துக்கு நடந்து போகும் தொலைவிலுள்ள புஞ்சைகளுக்கே முதலில் கல் நட்டார்கள்.

ஆலைகள் பட்டணத்தை விட்டு வெளியேறிய வகையும் கவனிக்கத்தக்கது. 1955-இல் பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலை. 1960-களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும். 1969-இல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. ஒவ்வொன்றும் பட்டணத்தின் நடுவை விட்டு விலகி இடம் பிடித்தது. உள்ளே நிலம் விலையேற, பெரும் இடம் வேண்டிய தொழில் வெளியே நகரும். பின்தங்கிய பகுதிகளில் தொழில் வளர்க்கவென்றே 1971-இல் சிப்காட் நிறுவனம் பிறந்தது. சென்னையிலிருந்து ஏறக்குறைய 45 கிலோமீட்டரில், கல்கத்தா நெடுஞ்சாலையும் இரயிலும் அடுத்தடுத்துச் செல்லும் கும்மிடிப்பூண்டியில் அதன் வளாகம் எழுந்தது. கப்பலில் இறங்கும் பழைய இரும்பு உருகிக் கம்பியாகும் உருக்காலைகள் இங்கு நிறைந்தன. வீடு கட்டும் கம்பி நம் ஊரில் வார்க்கப்படுகிறது. அதை வார்ப்பவனோ வாடகை வீட்டில் இருக்கிறான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நில விலை ஏறினால் ஊருக்கே நன்மை என்று பேசுவோர் உண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. பத்திரம் உள்ளவனுக்கே அது நன்மை. மேய்ச்சல் புறம்போக்கில் ஆடு மாடு மேய்த்தவனுக்கு அதில் பங்கில்லை. தேர்வாய்கண்டிகையில் மிஷலின் டயர் ஆலைக்கும் பிற தொழில்களுக்கும் சிப்காட் இடம் எடுத்தபோது, மேய்ச்சல் நிலமும் காடும் போகின்றனவே என்று கிராமத்தார் போராடியதன் காரணம் இதுவே. அதே பக்கத்தில் 2020-இல் கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. 500 மில்லியன் கன அடி கொள்ளும் அந்நீர் சென்னையின் தாகத்துக்கு.

கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் இலங்கைத் தமிழ் உறவுகளையும் இவ்விடத்தில் நினைக்கிறோம். இங்கேயே பிறந்த பிள்ளைகள் இங்குள்ளோரின் வீடுகளுக்கு வர்ணம் பூசுகிறார்கள். தங்கள் பெயரில் ஒரு மனை எழுதிக்கொள்ளும் வழி அவர்களுக்கு எளிதாக இல்லை.

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர் ஓர் அறையில் பலராகத் தங்கி வாடகையைப் பகிர்ந்துகொள்கின்றனர். அந்தக் கணக்குக்கு வாடகை ஏறும்போது, ஒற்றைச் சம்பளத்தில் வாழும் நம் குடும்பங்கள் தடுமாறுகின்றன. 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு உடன்படிக்கை இல்லாவிடில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாதென்கிறது. வீடு வைத்திருக்கும் பங்கு மக்கள் இதைச் சற்று உரக்கவே வாசிக்கலாம்.

இத்தனை ஆலைகள் இருந்தும் தென் திசையில் கண்ட விலையேற்றம் இங்கு வரவில்லை. 1990-களில் கார் தொழிற்சாலைகள் மறைமலைநகருக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் சென்றன. 2000-இல் டைடல் பார்க் எழுந்தபின் கணினித் துறையின் பெருஞ்சம்பளம் பழைய மகாபலிபுரம் சாலையில் குவிந்தது. நம் பக்கமோ ஒப்பந்தக் கூலியே மிகுதி, புகையும் உண்டு. 1998-இல் திருவள்ளூரில் லான்சர் கார் உருவாகத் தொடங்கியபோது பெரு நம்பிக்கை எழுந்தது. அந்தக் கார் நெடுநாள் நிலைக்கவில்லை. 2008-இல் எல்லைக்கு அப்பால் தடாவை அடுத்து ஸ்ரீசிட்டி தொடங்கியபின், ஆந்திரமும் தமிழகமும் ஒரே முதலாளியை இரு கை நீட்டி அழைக்கும் நிலை வந்தது. நம் இளைஞரில் பலர் அங்கும் வேலைக்குச் செல்கின்றனர். காலையில் ஆலைப் பேருந்துகள் வடக்கு நோக்கியும் போகின்றன.

2001-இல் எண்ணூர்த் துறைமுகமும் 2013-இல் காட்டுப்பள்ளித் துறைமுகமும் இயங்கத் தொடங்கின. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தெற்கே போன கப்பல் வாணிபம் பழவேற்காட்டின் அருகே திரும்பி வந்திருக்கிறது. 2022-இல் சென்னைப் பெருநகரின் எல்லையும் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. மனை விளம்பரங்களில் 'சென்னைக்கு மிக அருகில்' என்ற வாசகம் நம் வயல்களின் நடுவே நிற்கிறது. இரவு ஷிப்ட் முடிந்து யூனிபாரத்துடனேயே ஞாயிறு முதல் திருப்பலிக்கு வரும் நம் பிள்ளைகள், அந்தப் பலகையைக் கடந்துதான் கோயிலுக்குள் நுழைகிறார்கள்.