மரபு வீடுகளின் உள்வெப்ப நிலை: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள இவ்விரு ஊர்களின் பழைய வீடுகள், மின்விசிறிக்கு முந்தைய காலத்தின் வெயிலை எதிர்கொள்ளக் கட்டப்பட்டவை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலைச் சுற்றிய தெருக்களிலும், இராஜபாளையத்தில் ராஜுக்கள் குடியிருப்புகளிலும் இவ்வகை வீடுகள் உண்டு.

திண்ணை, தாழ்வாரம், முற்றம் ஆகியவற்றின் வரிசையே இவற்றின் அடிப்படை. முற்றத்தில் சூடேறிய காற்று மேலெழும்ப, நிழலான தெருப்பக்கத்திலிருந்து காற்று உள்ளே வருகிறது. இரவில் அதே முற்றம் வெப்பத்தை வானுக்கு விடுகிறது. கனத்த செங்கல், சுண்ணாம்புச் சுவர் பகல் வெப்பம் உள்ளே வருவதைப் பல மணி நேரம் தாமதப்படுத்தும். மாலையில் அறை இறுக்கமாக இருப்பதும் அதனால்தான். அந்த நேரத்துக்கு மொட்டைமாடியும் திண்ணையும் இருந்தன.

இவ்வீடுகளின் உள்வெப்பத்தை ஆராயக் காற்றின் வெப்பம், ஈரப்பதம், வேகம் ஆகியவற்றோடு சுவர், கூரையிலிருந்து வரும் கதிர்வீச்சையும் அளக்க வேண்டும்; இதற்குக் கறுப்புக் கோள வெப்பமானி பயன்படும். வெறும் வெப்பமானி பாதி உண்மையையே சொல்லும். குடியிருப்போர் உடலால் பழகிய வெப்பத்தையும் கணக்கில் கொள்ளும் தகவமைவு முறை, இந்தியாவின் 2016 தேசியக் கட்டடவிதித் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது.

இவ்வீடுகளைப் பாதுகாப்பதில் பெருங்கேடு செய்வது சிமென்ட் பூச்சு. அதனால் சுண்ணாம்புச் சுவரின் ஈரம் வெளியேற வழியின்றிக் காரை உதிர்கிறது. முற்றத்தைத் தகடு போட்டு மூடினால், வீட்டின் காற்றோட்டமே நின்றுவிடும்.