ஆர்.சி. புக் இல்லாத செகண்ட் ஹேண்ட் வண்டியை வாங்கலாமா? தொலைந்தது காகிதமா, உரிமையாளரா?

சுனாபட்டி ஸ்டேஷன் பக்கம் ஒரு ஸ்கூட்டர் விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு வருஷம் ஓடிய வண்டி. என்ஜினில் சத்தம் இல்லை, டயரும் புதுசு. மார்க்கெட் விலையில் பாதிதான் கேட்கிறார்கள். எல்லாம் பேசி முடித்த பிறகு கடைசியாக ஒரு வரி வரும்: "ஆர்.சி. புக் மட்டும் இல்ல சார், போன மழையில போயிடுச்சு. பேர் மாத்துறத ஏஜென்ட் பார்த்துப்பான்."

விலை ஏன் பாதியானது என்பதற்கான பதில் அந்த வரியில்தான் இருக்கிறது. அதற்காக ஆர்.சி. இல்லாத எந்த வண்டியையும் தொடவே கூடாது என்றும் சொல்ல முடியாது. நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஆர்.சி. அட்டை மட்டும் காணவில்லையா, அல்லது அதில் பெயர் உள்ள ஆளையே காணவில்லையா?

அட்டை தொலைவது பெரிய விஷயமே இல்லை. வண்டியின் பதிவு அரசின் 'வாகன்' தரவுத்தளத்தில் இருக்கிறது. எம்-பரிவாஹன் செயலியில் நம்பரைப் போட்டால் எந்த ஆர்.டி.ஓ., எந்த மாடல், இன்ஷூரன்ஸ் எதுவரை, கடன் பாக்கி உண்டா என்பதெல்லாம் வரும். உரிமையாளர் பெயரில் சில எழுத்துகள் மறைந்திருக்கும்; ஆனாலும் உங்கள் முன்னால் நிற்பவர் அவர்தானா என்று ஊகிக்க அது போதும். செம்பூர், சுனாபட்டி வண்டிகள் பெரும்பாலும் வடாலா ஆர்.டி.ஓ.வின் எம்.எச். 03 நம்பரில் இருக்கும்.

தொலைந்த ஆர்.சி.க்கு டூப்ளிகேட் வாங்க, போலீஸில் புகார் பதிந்துவிட்டு ஃபார்ம் 26-ல் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் பதிவில் பெயர் உள்ளவர்தான் விண்ணப்பிக்க முடியும். அவர் கையெழுத்தும், அவர் மொபைலுக்கு வரும் ஓ.டி.பி.யும் வேண்டும். அதனால் விற்பவரிடம், "டூப்ளிகேட் எடுத்துட்டு வாங்க, மொத்தப் பணமும் அன்னைக்கே தர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். உண்மையான உரிமையாளராக இருந்தால் கொஞ்சம் முணுமுணுப்பார், ஆனால் போய் எடுத்துவருவார். புரோக்கர் என்றால் விலையை இன்னும் குறைப்பார். விலை குறைகிறதே என்று மயங்கிவிடாதீர்கள்.

உரிமையாளரையே காணோம் என்றால்?

இங்குதான் சிக்கல் தொடங்குகிறது. வண்டி நாலு கை மாறியிருக்கும், ஆர்.சி.யில் முதல் ஆளின் பெயரே இருக்கும். ஃபார்ம் 29, 30-ல் அவர் கையெழுத்து போட்டுக்கொடுத்த வெற்றுத் தாள்கள் மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கும். அந்தக் கையெழுத்து ஆர்.டி.ஓ. பதிவோடு ஒத்துப்போகவில்லை என்றாலோ, அவர் இறந்துபோயிருந்தாலோ அந்தத் தாளால் பயனில்லை. இறந்திருந்தால் முதலில் வாரிசு பெயருக்கு ஃபார்ம் 31 மூலம் மாற்றி, அதன் பிறகுதான் உங்களுக்கு விற்க முடியும்.

இப்படிக் கைமாறிய ஒரு வண்டியின் வழக்குதான் நவீன் குமார் எதிர் விஜய் குமார். 2007-லும் 2008-லும் அடுத்தடுத்து விற்கப்பட்ட அந்த வண்டி, பெயர் மாறாமலே ஓடி 2009-ல் விபத்தில் சிக்கியது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே மோட்டார் வாகனச் சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. 2025 நவம்பரில் டெல்லி செங்கோட்டை அருகே வெடித்த காரும் பல கை மாறியதுதான். போலீஸ் முதலில் தேடிப் போனது பதிவில் இருந்த பழைய உரிமையாளரைத்தான். உங்கள் வண்டியின் பழைய ஓனரைக் கண்டுபிடித்துவிட்டால், இந்த இரண்டையும் அவரிடம் சொல்லுங்கள். பெயர் மாற்றித் தருவது அவருக்கும் நல்லது என்று புரிந்தால், தானே ஆர்.டி.ஓ.வுக்கு வருவார்.

தீர்ப்பு பழைய ஓனருக்குத்தானே பாதகம், நமக்கென்ன என்று தோன்றலாம். ஆனால் அவர் பெயரில் ஓடும் வண்டிக்கு உங்களால் இன்ஷூரன்ஸ் கிளெய்ம் வாங்க முடியாமல் போகலாம். நாளை வேறு ஒருவருக்கு விற்கவும் முடியாது. 2019 ஏப்ரலுக்கு முன் பதிவான வண்டிகளுக்கு மகாராஷ்டிராவில் கட்டாயமான உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டை புக் செய்யக்கூட ஆர்.சி. விவரம் வேண்டும்.

அதைவிட மோசம், அது திருட்டு வண்டியாக இருந்தால். தனக்கு இல்லாத உரிமையை ஒருவர் இன்னொருவருக்கு விற்க முடியாது என்பது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். நீங்கள் முழுப்பணம் கொடுத்திருந்தாலும் வண்டி உங்களுடையது ஆகாது, போலீஸ் எடுத்துக்கொண்டு போகும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் வாங்கினாலோ, பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. 'நம்பக் காரணம்' என்ற இரண்டு சொற்களைக் கவனியுங்கள். பாதி விலையும் இல்லாத ஆர்.சி.யும் சேர்ந்தால் அந்தக் காரணம் இருந்தது என்று வாதிடுவது போலீஸுக்குக் கஷ்டமில்லை.

எனவே வண்டியிலேயே பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் பதிவோடு ஒப்பிடுங்கள். சுரண்டிய, மறுபடி அடித்த தடயம் இருந்தால் அப்படியே திரும்பிவிடலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' தளத்தில், அந்த வண்டி திருடுபோனதாகப் பதிவாகியிருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். இ-செலான் பாக்கியையும் பார்த்துவிடுங்கள்.

கடன் பாக்கி இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் ஃபார்ம் 35-ம் வேண்டும். அது வராமல் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.

பழைய ஆர்.சி. இல்லாமலே சட்டப்படி வாங்கும் வழியும் இருக்கிறது. அரசு பொது ஏலத்தில் எடுத்தால், வண்டி கைக்கு வந்த 30 நாளில் ஏல ஆவணங்களோடு ஃபார்ம் 32 கொடுக்கலாம். தவணை கட்டாததால் வங்கி பறிமுதல் செய்த வண்டி என்றால், வங்கி முதலில் ஃபார்ம் 36 மூலம் தன் பெயரில் புது ஆர்.சி. வாங்க வேண்டும். டீலரிடம் வாங்குவதாக இருந்தால், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி ஆர்.டி.ஓ. அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். அப்படிப்பட்டவரிடம் வண்டியை ஒப்படைத்ததை உரிமையாளர் ஃபார்ம் 29சி-யில் தெரிவித்தால், அதன் பிறகு பொறுப்பு டீலருக்கு.

தாராவியிலும் மாட்டுங்காவிலும் நம்மாட்கள் ஊரிலிருந்து கொண்டுவரும் டி.என். 72, டி.என். 69 வண்டிகளுக்கு இன்னொரு கட்டம் உண்டு. தடையில்லாச் சான்றை, அதாவது ஃபார்ம் 28-ஐ, திருநெல்வேலி அல்லது தூத்துக்குடி ஆர்.டி.ஓ.தான் தர வேண்டும். அதற்கும் பதிவில் உள்ளவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். பிறகு இங்கே மகாராஷ்டிரா வரி கட்டி, புது நம்பர் எடுக்க வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓடும் வண்டிக்கு இது கட்டாயம். ஸ்கூட்டர் விலையோடு இந்த வரியையும் கூட்டிப் பார்த்தால் 'பாதி விலை' பல நேரம் முக்கால் விலையாகிவிடும்.

எல்லாம் சரியாக அமைந்து வாங்கினால், விற்பவர் 14 நாளிலும் வாங்குபவர் 30 நாளிலும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்ஷூரன்ஸில் பெயர் மாற்ற உங்களுக்கு இருப்பது 14 நாள்தான். பணத்தை யு.பி.ஐ. அல்லது வங்கி வழியாக, ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் கணக்குக்கே அனுப்புங்கள். "தம்பி அக்கவுண்ட்ல போடுங்க" என்றால் போனை வைத்துவிடுங்கள்.