யானையும் ஈயமும்: கண்டிச் சீமையில் வேட்டைச் சன்னத்தின் வரலாறு

பேராதனை வளாகத்தினின்று ஹந்தானை மலையை நோக்குவார்க்கு இன்று புலப்படுவன புல்வெளியும் பைன் மரங்களும் தேயிலையுமே. இருநூறு ஆண்டுகளுக்கு முன் கண்டியைச் சூழ்ந்த மலைநாடு பெரும்பாலும் அடர்காடாகவே இருந்தது. யானையும் சிறுத்தையும் மரையும் அங்கு உலவின. அக்காட்டினுட் புகுந்த வேட்டையாளன் எத்தகைய சன்னத்தைத் தெரிந்தெடுத்தான், ஏன் அதனைத் தெரிந்தெடுத்தான் என்னும் வினா மிகச் சிறியதாகத் தோன்றலாம். ஆயின் மலைநாடு மாறிய வரலாற்றின் ஒரு கூறு அவ்வினாவினுள் அடங்கியுள்ளது.

துவக்கு ஆங்கிலேயரோடு கண்டிக்கு வந்த பொருளன்று. 1505இல் போர்த்துக்கேயர் இலங்கையை அடைந்த பின்னர்ச் சிங்களக் கொல்லர் துவக்குத் தொழிலைக் கற்றுத் தேர்ந்தனர். அவர்கள் செய்த துவக்குகளிற் பொறி இடப்புறத்தே பொருத்தப்பட்டிருந்தமை அவற்றுக்குரிய தனி அடையாளமாகும். ஆயினும் கண்டியரசில் யானை அரசனின் உடைமை. நகரை அடுத்த உடவத்தைக் காடு குடிகள் புகாத அரச காடு. எனவே கருவியும் இருந்தது. அதற்கு ஓர் எல்லையும் இருந்தது.

1815இல் கண்டி ஆங்கிலேயர் கைப்பட்டதும் அவ்வெல்லை தளர்ந்தது. பாதைகள் அமைந்தன, கோப்பித் தோட்டங்கள் பரவின, யானை பயிருக்குப் பகையெனக் கருதப்பட்டது. அதனைக் கொல்வோர்க்கு அரசே வெகுமதி அளித்தது. குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ற் தரும் கணக்கின்படி, 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் வடமாகாணத்தில் மாத்திரம் 3,500 யானைகளுக்கு வெகுமதி கோரப்பட்டது. பதுளையிற் பணியாற்றிய மேஜர் றொஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகவும் அவர் எழுதியுள்ளார். அந்த றொஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார்.

சன்னத்தின் தெரிவை ஆராய்ந்து எழுதியவர்களுள் முதன்மையானவர் சாமுவேல் பேக்கர். 1848இல் நுவரெலியாவிற் குடியேறிய அவர், தம் இலங்கை வேட்டை அனுபவங்களை 1850களில் இரு நூல்களாக வெளியிட்டார். யானையின் மூளை மண்டையின் பின்புறத்தே ஒதுங்கிக் கிடப்பது. அதன் முன்னே காற்றறைகள் நிறைந்த தடித்த எலும்பு உள்ளது. மென்மையான ஈயக் குண்டு அவ்வெலும்பிற் பட்டு நசுங்குமாயின் மூளையை எட்டாது. காயமுற்ற யானை வேட்டையாளன்மேற் பாயும், அன்றேல் காட்டினுள் ஓடிப் பல நாள் வருந்தி மடியும். இதனாலேயே பேக்கர் நிறைமிக்க சன்னத்தை நாடினார். 1840இல் பிறிஸ்ரல் நகரத்துக் கிப்ஸ் அவருக்குச் செய்தளித்த துவக்கு 21 இறாத்தல் நிறையுடையது. அதன் உருண்டைச் சன்னம் 3 அவுன்ஸ். கூம்புச் சன்னம் 4 அவுன்ஸ். ஒரு வெடிக்கு வேண்டிய மருந்து ஓர் அவுன்ஸ்.

1890இல் வெளியிட்ட நூலில் அவர் தம் முடிபைத் தெளிவாக்கினார். தடித்த தோலும் எலும்பும் உடைய விலங்குக்கு விரியாத கடினச் சன்னம் வேண்டும். புலி போன்றவற்றுக்கு மென் ஈயத்தாலான திண்மைச் சன்னம் தகும். உள்ளே குழிவுடைய சன்னம் உடலினுள் விரைவிற் சிதறுமாதலின் ஆபத்தான விலங்குகளுக்கு அது உதவாது என்பது அவர் வாதம். விரியும் சன்னம் அகன்ற காயத்தை ஏற்படுத்தும். விரியாச் சன்னம் ஆழமாகத் துளைக்கும். ஒன்றைப் பெறின் மற்றதை ஓரளவு இழத்தல் தவிர்க்கவியலாதது. கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையிற் செய்யப்பட்ட விரியும் சன்னம் எழுப்பிய கண்டனத்தின் பின், 1899இல் ஹேக் மாநாடு அத்தகையனவற்றைப் போரில் விலக்கியது. வேட்டையிலோ அவை இன்றும் வழங்குகின்றன.

இனி, இடுப்பிற் செருகும் ஆயுதம் பற்றி ஒரு சொல். பேக்கர் நுவரெலியாக் காட்டில் மரையை வேட்டைநாய்களுடன் துரத்தியபோது நம்பியது கைத்துப்பாக்கியையன்று, அகன்ற கத்தியையே. பெருஞ்சன்னத்தை உந்தும் மருந்தின் உதைப்பை அக்காலக் கைத்துப்பாக்கி தாங்காது. 1955இல் 0.44 மக்னம் அறிமுகமான பின்னரே கைத்துப்பாக்கி வேட்டை அமெரிக்காவில் வலுப்பெற்றது. அங்கே கரடி உலவும் காடுகளுக்குச் செல்வோர் பலர் தட்டைமுனைக் கடின ஈயச் சன்னத்தையும், மான் வேட்டைக்குச் செல்வோர் விரியும் சன்னத்தையும் தெரிகின்றனர். கைத்துப்பாக்கியின் சன்னம் வேகம் குறைந்தது. விரிந்தால் பேருடலினுள் ஆழச் செல்லாது. யானை மண்டையை முன்வைத்துப் பேக்கர் சொன்ன நியாயமே இங்கும் தொழிற்படுகின்றது.

தக்க சன்னம் விலங்கின் துன்பத்தைக் குறைக்கும் என்பது உண்மை. ஆயின், எத்தனை விலங்கைக் கொல்லலாம் என்னும் வினாவுக்குச் சன்னம் விடை தராது. துவக்கின் பின்னே கோடரி வந்தது. மன்னாரிற் கரையிறங்கி மாத்தளை வழியாகக் கண்டிச் சீமைக்கு நடந்த தமிழ்த் தொழிலாளர் கைகளாலேயே அக்காடு வெட்டப்பட்டது. வழிநெடுக அவர்களைப் பெரிதும் கொன்றவை காட்டு விலங்குகளல்ல, பசியும் வாந்திபேதியுமே. அவர்தம் மரணத்தை எந்த வேட்டை நூலும் பெருமையுடன் கணக்கிட்டுவைக்கவில்லை. தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இல் இயற்றப்பட்டபோது மலைநாட்டுக் காட்டின் பெரும்பகுதி தோட்டமாகிவிட்டது. நுவரெலியாச் சமவெளியில் இன்று காட்டுயானை இல்லை.

இன்று கிராமப்புறங்களிற் சட்டவிரோதமாகக் கட்டப்படும் கட்டுத்துவக்கு இவ்வரலாற்றின் இழிந்த எச்சம். கம்பியிற் கால் பட்டதும் அது வெடிக்கும். வருவது பன்றியா, விறகு பொறுக்க வந்த பெண்ணா என்று அது பார்ப்பதில்லை. பேக்கரின் சன்னத்துக்குப் பின்னே தெரிவு செய்யும் அறிவேனும் இருந்தது. எல்லை வகுக்கும் மனம் இருக்கவில்லை. கட்டுத்துவக்கில் அவ்விரண்டும் இல்லை. கருவியைத் தெரியும் அறிவும், அதனைத் தாழ்த்தும் அறிவும் ஒன்றல்ல. முன்னையதை விரைவிற் கற்ற மலைநாடு, பின்னையதைக் காடிழந்த பின்னரே கற்கத் தொடங்கியது.