மூச்சு முட்டாமலே மயக்கம் வரும்! காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு குறைந்தால் உயிருக்கு ஆபத்து?

பழைய கிணற்றைத் தூர்வார ஒருவர் இறங்குகிறார். சத்தமே இல்லாமல் சரிகிறார். அவரைத் தூக்க இறங்கிய தம்பியும் சரிகிறார். கிணறு, கழிவுநீர்த் தொட்டி, பாதாளச் சாக்கடை என்று இடம் மட்டும் மாறி, இதே செய்தி தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வருகிறது. 'விஷவாயு தாக்கி பலி' என்றுதான் தலைப்பு இருக்கும். அது பாதி உண்மைதான். உயிர் போக விஷம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. காற்றில் ஆக்சிஜன் குறைந்தாலே போதும்.

எவ்வளவு இருக்கணும்?

நாம் சுவாசிக்கும் காற்றில் சுமார் 78 சதவீதம் நைட்ரஜன், 20.9 சதவீதம் ஆக்சிஜன். இது 19.5-க்குக் கீழே போனாலே, ஆள் வேலை செய்யக் கூடாத இடம் என்பது தொழிற்சாலைகளில் பின்பற்றப்படும் அளவுகோல். 16-க்குக் கீழே இதயம் வேகமாகத் துடிக்கும், நிதானம் தப்பும். 10-ஐத் தாண்டி இறங்கினால் குமட்டல், கை கால் அசையாமை, மயக்கம். 6-க்கும் கீழே என்றால் ஓரிரு மூச்சிலேயே நினைவு போய்விடும். சில நிமிடங்களில் மரணம்.

முன்கூட்டியே தெரியாதா?

தெரியாது. அதுதான் இதில் பயங்கரமே. மூச்சை அடக்கினால் நெஞ்சு முட்டுகிறதே, அது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதால் வருவதில்லை. உடலில் கார்பன் டை ஆக்சைடு சேர்வதால் வருவது. ஆக்சிஜன் இல்லாத இடத்திலும் நாம் மூச்சை வெளியே விட்டுக்கொண்டுதான் இருப்போம். கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும். மூளைக்கு அபாய மணி அடிக்காது. தலை லேசாகச் சுற்றும், சிலருக்கு ஒருவித உற்சாகம்கூட வரும். அவ்வளவுதான்.

2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸிலிருந்து கிளம்பிய ஹீலியோஸ் விமானத்தில் நடந்தது இதுதான். கேபினில் காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச் தவறான நிலையில் இருந்தது. எச்சரிக்கை ஒலித்தும், விமானிகள் அதை வேறு ஏதோ கோளாறு என்று நினைத்தார்கள். மெல்ல நினைவிழந்தார்கள். விமானம் தானாகவே பறந்து, எரிபொருள் தீர்ந்து, ஏதென்ஸ் அருகே விழுந்தது. 121 பேரும் பலி. 35 ஆயிரம் அடி உயரத்தில் அழுத்தம் திடீரென்று போனால், சுயநினைவோடு செயல்பட ஒரு நிமிடம்கூடக் கிடைப்பது சந்தேகம். மாஸ்க் விழுந்ததும் முதலில் நீங்கள் போடுங்கள், பிறகு குழந்தைக்குப் போடுங்கள் என்று விமானத்தில் சொல்வது இதனால்தான்.

அப்போ எவரெஸ்ட்?

அங்கேயும் 20.9 சதவீதம்தான்! ஆனால் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறையும். அப்படியிருந்தும் 1978-ல் மெஸ்னரும் ஹேபலரும் சிலிண்டர் இல்லாமல் உச்சியைத் தொட்டார்கள். வாரக்கணக்கில் உடலைப் பழக்கியதால் முடிந்தது. லே-லடாக் போகிறவர்களை முதல் நாள் ஓய்வெடுக்கச் சொல்வதும் இதற்காகவே. கிணற்றில் இறங்குபவருக்கு அந்த அவகாசம் இல்லை.

கிணற்றில் என்ன நடக்கிறது?

மூடிக்கிடந்த கிணற்றில் இலை தழை அழுகும்போது நுண்ணுயிரிகள் ஆக்சிஜனைத் தின்றுவிடும். காற்றைவிடக் கனமான கார்பன் டை ஆக்சைடு அடியில் தங்கும். அது சேர்ந்திருந்தால் மூச்சு வாங்கத்தான் செய்யும். ஆனால் உணர்ந்து திரும்பி ஏறுவதற்குள் கை கால் சொன்னபடி கேட்காது. கழிவுநீர்த் தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடும் சேரும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கே மரத்துப்போகும். 'நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்' என்று நினைப்பது ரொம்ப ஆபத்து.

விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கமும் நம்பத்தக்கது அல்ல. சுமார் 16 சதவீதத்தில் மெழுகுவர்த்தி அணைந்துவிடும் என்பது சரிதான். ஆனால் விளக்கு எரிகிறது என்பதால் நச்சு வாயு இல்லை என்று ஆகிவிடாது. தொட்டியில் மீத்தேன் இருந்தால் வெடிக்கவும் செய்யும்.

முகத்தில் துணியோ சாதா மாஸ்க்கோ கட்டுவது இங்கே எதற்கும் உதவாது. அது காற்றை வடிகட்டும், இல்லாத ஆக்சிஜனைக் கொண்டுவராது.

கழிவுநீர்த் தொட்டியில் பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாக்கடை மரணங்களுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என 2023-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தூர்வாரும் கிணறு என்றால், வாயு அளவிடும் கருவியால் சோதித்து, ப்ளோயர் வைத்து காற்று செலுத்திய பிறகே இறங்க வேண்டும். இடுப்பில் கயிறு, மேலே அதைப் பிடிக்க ஆள், இரண்டும் கட்டாயம்.

உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், பதறிப்போய் பின்னாலேயே குதிக்காதீர்கள். கயிறு கட்டியிருந்தால் மேலிருந்தே இழுங்கள். இல்லையென்றால் உடனே 101 அல்லது 112-க்கு அழையுங்கள். தீயணைப்பு வீரர்கள் முதுகில் சிலிண்டரோடுதான் இறங்குவார்கள்.