வெறுந்தரையில் எரியும் மெழுகுதிரி

"எந்தத் தோமையார்? மயிலாப்பூரிலை இருக்கிறவரோ?" என்று ரயிலில் அம்மா கேட்டார். கபாலீசுவரர் கோயிலுக்குப் போன பயணத்தில் சாந்தோம் தேவாலயத்தையும் பார்த்துவிட்டு வந்தவர் அவர். யாழ்ப்பாணத்திலிருந்து எங்களிடம் வந்து ஆறு வாரத்துக்குள் லண்டனிலுள்ள சைவக் கோயில்களை எல்லாம் முடித்துவிட்டார். "இனி வெள்ளைக்காரரின்ரை பழைய கோயில் ஒண்டைக் காட்டு" என்று கேட்டதால்தான் இந்தக் கேன்டர்பரிப் பயணம். இருபது வருடத்துக்கு மேலாக இந்த நாட்டில் இருக்கிறேன். ஒரு மணித்தியால ரயில் தூரத்தில் இருக்கும் அந்த ஊருக்கு நானும் அதுவரை போனதில்லை.

அம்மா சொன்ன தோமையார் வேறு. ஆனால் பெயர் அவரிடமிருந்துதான் வந்தது. அப்போஸ்தலர் தோமையாரின் திருநாள் அந்தக் காலத்தில் டிசம்பர் 21. லண்டன் வணிகர் ஒருவருக்கு அந்த நாளில் பிறந்த பிள்ளை என்பதால் தோமஸ் என்று பெயரிட்டார்கள் என்பது மரபு. தோமஸ் பெக்கெட் வளர்ந்து இரண்டாம் ஹென்றி அரசரின் தலைமை அமைச்சராகவும் நெருங்கிய நண்பராகவும் ஆனார். 1162-இல் அரசர் அவரைக் கேன்டர்பரியின் பேராயர் ஆக்கினார். தன் ஆள் அந்தப் பதவியில் இருந்தால் திருச்சபை தன் கைக்குள் இருக்கும் என்பது கணக்கு. கணக்குப் பிழைத்தது. குற்றம் செய்த குருமாரை விசாரிப்பது அரசரின் நீதிமன்றமா, திருச்சபையின் நீதிமன்றமா என்ற கேள்வியில் இருவரும் மோதினார்கள்.

1164-இல் பெக்கெட் கடல் கடந்து பிரான்சுக்குத் தப்பினார். பொந்தினி மடாலயத்திலும் பிறகு சான்ஸ் நகரிலுமாக ஆறு ஆண்டுகள் அகதியாக இருந்தார். அரசரின் கோபம் அவரோடு நிற்கவில்லை. பெக்கெட்டின் உறவினர்களையும் வீட்டாரையும் கூட நாட்டைவிட்டுத் துரத்தினார். ஒருவன் தப்பினால் வீட்டில் மிஞ்சியவர்களைப் பிடிக்கிற வழக்கம் எவ்வளவு பழையது என்று அந்த இடத்தை வாசித்தபோது நினைத்தேன்.

ஓரளவு சமாதானம் பேசி, 1170 டிசம்பர் தொடக்கத்தில் அவர் ஊர் திரும்பினார். நாடு திரும்பிய பிறகு அவருக்குக் கிடைத்தது நாலு கிழமை. டிசம்பர் 29 மாலை, அரசரின் கோபப் பேச்சைக் கட்டளையாக எடுத்துக்கொண்ட நான்கு வீரர்கள் பேராலயத்துக்குள் வாளோடு புகுந்தார்கள். கதவைத் தாழிடச் சொன்ன துறவிகளைப் பெக்கெட் தடுத்துவிட்டார். கோயில் கோட்டை ஆகக்கூடாது என்றாராம். அன்று தற்செயலாக அங்கே வந்திருந்த எட்வர்ட் கிரிம் என்ற குருவானவர் அவரை அணைத்துக் காக்கப் போய்க் கையில் வெட்டு வாங்கினார். நாம் இன்று அறிந்திருப்பதில் ஒரு பெரும் பகுதி அவர் எழுதிவைத்ததுதான். கடைசி வெட்டில் வாளின் நுனி கல்தரையில் பட்டு முறிந்தது. அந்த இடத்தில் இப்போது தரையில் தோமஸ் என்ற பெயர் மட்டும் பொறித்திருக்கிறது. சுவரில் இரும்பு வாள்கள் தொங்குகின்றன. அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "கோயிலுக்குள்ளையோ?" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

உடலை அவசரமாக நிலவறையில் புதைத்தார்கள். அன்றிரவே ஊர்ச்சனங்கள் வந்து தரையிலிருந்த இரத்தத்தைத் துணியில் தோய்த்துக்கொண்டு போனதாகக் குறிப்புகள் சொல்கின்றன. மூன்றாண்டுகளுக்குள், 1173-இல், போப்பாண்டவர் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். அதற்கு முன்னரே மக்கள் தங்கள் முடிவைச் சொல்லிவிட்டார்கள். இரத்தத் துளி கலந்த தண்ணீரைச் சிறு ஈயக் குப்பிகளில் அடைத்து, கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அந்தக் குப்பிகளும் யாத்திரைச் சின்னங்களும் தேம்ஸ் நதிச் சேற்றிலிருந்து இன்றும் கிடைக்கின்றன. நாங்கள் கதிர்காமத்திலிருந்து திருநீறு கொண்டுவருவது போலத்தான்.

வந்தவர்களின் கதைகளைக் கேட்டு எழுதுவதற்கென்றே துறவிகள் இருந்தார்கள். அவற்றில் சில பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில் இருக்கின்றன. எய்ல்வார்ட் என்ற ஏழையின் கதை அதில் ஒன்று. கடனைத் திருப்பித் தராத அயலவனின் வீட்டுக்குள் புகுந்து ஒரு சாணைக்கல்லையும் கையுறையையும் எடுத்துக்கொண்டு போனான். அதற்குத் தண்டனையாக அவன் கண்களைப் பிடுங்கினார்கள், ஆணுறுப்பையும் சிதைத்தார்கள். பெக்கெட்டை வேண்டி அவன் மீண்டும் பார்வை பெற்றதாகக் கதை. அற்புதத்தை நம்புவதும் விடுவதும் அவரவர் பாடு. ஒரு சாணைக்கல்லுக்காக ஒருவனைக் குருடாக்கிய நீதியை எண்ணூறு வருடமாக நிறக் கண்ணாடியில் யாரோ நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அந்தச் சாளரங்களில் அரசர்களைவிட அதிகம் இருப்பது சுகவீனமான பிள்ளைகள், பைத்தியம் பிடித்தவர்கள், விபத்தில் சிக்கிய கூலியாட்கள்.

அரசரும் வந்தார். 1174 ஜூலையில் இரண்டாம் ஹென்றி வெறுங்காலோடு நகரத் தெருவில் நடந்து வந்து, கல்லறை முன் மண்டியிட்டுத் துறவிகளிடம் அடி வாங்கினார். மறுநாள் அவருடைய எதிரியான ஸ்கொட்லாந்து அரசர் போரில் பிடிபட்டார். புனிதர் மன்னித்துவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். பாவமன்னிப்பும் அரசியலும் அன்றும் ஒரே தெருவில்தான் நடந்தன.

1220-இல் பெக்கெட்டின் எலும்புகளை நிலவறையிலிருந்து எடுத்து, பீடத்துக்குப் பின்னால் உயரத்தில் கட்டிய புதிய சந்நிதியில் வைத்தார்கள். பொன் தகடும் மணிகளும் பதித்த பேழை. பிரெஞ்சு அரசர் ஏழாம் லூயி காணிக்கையாகக் கொடுத்த பெரிய மாணிக்கமும் அதில் இருந்தது. சோசர் தன் கதைப் பாத்திரங்களை லண்டன் சதர்க்கிலிருந்து புறப்பட வைத்தது இந்தச் சந்நிதியை நோக்கித்தான். நூல் முடியாமல் நின்றுவிட்டதால் அவர்கள் யாரும் கடைசிவரை வந்து சேரவில்லை.

நாங்கள் வந்து சேர்ந்தோம். சந்நிதிக்கு ஏறும் கற்படிகளில் நடுவில் பள்ளம் விழுந்திருக்கிறது. யாத்திரிகர்கள் முழங்காலால் ஏறி ஏறித் தேய்ந்த பள்ளம். அதை அம்மாவுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. "அடியழிச்சிருக்கினம்" என்றார். நல்லூரில் வீதி சுற்றி அடியழித்தவர் அவர். படியில் குனிந்து பள்ளத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

மேலே ஏறினால் ஒன்றுமில்லை. அகன்ற கல்தரை. நடுவில், தரையிலேயே வைத்த ஒரு மெழுகுதிரி எரிகிறது. 1220 முதல் 1538 வரை சந்நிதி இருந்த இடம் அதுதான்.

எட்டாம் ஹென்றி 1520-இல் பேரரசர் ஐந்தாம் சார்ள்சோடு கேன்டர்பரிக்கு வந்தவர். பதினெட்டு ஆண்டு கழித்து அவரே சந்நிதியை இடிக்கச் சொன்னார். இடையில் போப்பாண்டவரோடு உறவை முறித்துத் தன்னையே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவர் ஆக்கியிருந்தார். அரசனை எதிர்த்து நின்ற ஒரு பேராயரை மக்கள் கும்பிடுவது இனிச் சரிப்படாது. பொன்னும் மணியும் வண்டி வண்டியாகக் கருவூலத்துக்குப் போயின. லூயியின் மாணிக்கம் ஹென்றியின் விரலுக்குப் போனதாகச் சொல்வார்கள். எலும்புகளை எரித்தார்கள் என்று ஒரு பேச்சு, துறவிகள் ஒளித்துப் புதைத்தார்கள் என்று இன்னொரு பேச்சு.

இடித்ததோடு விடவில்லை. 1538 நவம்பரில் வந்த அரச ஆணை, பெக்கெட்டைப் புனிதர் என்று அழைக்கக் கூடாது, அவர் படங்களை அகற்ற வேண்டும், வழிபாட்டு நூல்களில் அவர் பெயரை அழிக்க வேண்டும் என்றது. பெயர் சுரண்டப்பட்ட கையெழுத்து நூல்கள் பிரித்தானிய நூலகங்களில் இருக்கின்றன. ஆனால் எல்லோரும் ஒரே மாதிரிச் சுரண்டவில்லை. சிலர் மெல்லிய ஒரு கோட்டை இழுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். ஆணைக்குக் கீழ்ப்படிந்தாயிற்று, கீழே பெயர் அப்படியே வாசிக்கலாம். அந்தக் கோட்டை இழுத்தவர் வீரர் இல்லை. பயந்தவர்தான். ஆனாலும் எவ்வளவு அழிப்பது என்பதை அவர் தானே முடிவு செய்தார்.

"ஒண்டுமில்லாத இடத்தைப் பாக்கவோ இவ்வளவு காசு குடுத்தனீ?" என்று அம்மா கேட்டார். நுழைவுக் கட்டணத்தை அவர் வாசலிலேயே கவனித்துவிட்டார். நான் சொல்லத் தொடங்குவதற்குள் அவரே மெழுகுதிரியைப் பார்த்தபடி, "எங்கடை ஆக்களும் உப்பிடித்தானே" என்றார். புல்டோசர் போட்டுச் சமப்படுத்திய துயிலும் இல்லங்களில், கல் இல்லாத மண்ணில், நவம்பர் மாதத்தில் விளக்கேற்றும் தாய்மாரைச் சொன்னார். எங்கள் ஒழுங்கையிலும் அப்படி ஒரு தாய் இருக்கிறார். அதன் பிறகு அம்மா சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். காவலுக்கு நின்ற பெண் ஒன்றும் சொல்லவில்லை.

கால் வலிக்கிறது என்றதால் இருக்க இடம் தேடி மறுபடி நிலவறைக்கு இறங்கினோம். அங்கே ஒரு சிறிய சிற்றாலயம். பிரெஞ்சு மொழியில் வழிபாடு நடக்கும் நேரம் எழுதியிருந்தது. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பாதியில், மதக் கொலைகளுக்குத் தப்பி, இன்றைய பெல்ஜியம், பிரான்ஸ் பக்கங்களிலிருந்து வந்த புரட்டஸ்தாந்து அகதிகளுக்கு முதலாம் எலிசபெத்தின் காலத்தில் இந்த நிலவறையைக் கொடுத்தார்கள். பெரும்பாலும் நெசவாளர்கள். 1685-இல் பதினான்காம் லூயி பிரான்சில் அவர்களுடைய மத உரிமையைப் பறித்தபோது இன்னும் பலர் வந்து சேர்ந்தார்கள். இவர்கள் புனிதர்களையும் திருப்பண்டங்களையும் கும்பிடாதவர்கள். அப்படிப்பட்டவர்கள் பெக்கெட்டின் முதல் கல்லறை இருந்த நிலவறையில் ஒதுங்கி, தங்கள் மொழியில் செபித்தார்கள். அந்த வழிபாடு இன்றும் தொடர்கிறது.

"நானூறு வருசமோ?" என்று அம்மா கேட்டார். "அவையின்ரை பேரப்பிள்ளையள் இப்பவும் பிரெஞ்சோ கதைக்குதுகள்?"

இல்லை என்றேன். நெசவாளரின் சந்ததி ஆங்கிலேயரோடு கலந்துவிட்டது. பலருடைய குடும்பப் பெயர்கூட ஆங்கில வாய்க்கு ஏற்ப மாறிப்போயிற்று.

"அப்ப ஆர் வந்து இருக்கிறது?"

"வாறவை இருக்கினம், அம்மா. கதவைப் பூட்டேல்லை."

வீட்டிலிருக்கும் தன் இரண்டு பேரப்பிள்ளைகளை அவர் நினைத்திருப்பார். அவர் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்பவர்கள். எனக்கும் அதுதான் நினைவு. அவர்களை அடுத்த முறை இங்கே கூட்டிவர வேண்டும். சாளரங்களுக்காக அல்ல. அந்தப் படிகளை அவர்கள் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அழித்தவனின் ஆணையும் தாளில்தான் இருக்கிறது, அழிக்கப்பட்டவரின் பெயரும் தாளில்தான் இருக்கிறது. பெயர் தெரியாத ஆயிரமாயிரம் முழங்கால்கள் கல்லில் இட்ட பள்ளத்தை நிரப்பச் சொல்லி எந்த அரசரும் ஆணையிட நினைக்கவில்லை.

ரயில் புறப்பட்டதும் அம்மா கைத்தொலைபேசியை வாங்கிச் சின்னவளை அழைத்தார். "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டார். மறுமுனையில் "யெஸ், அம்மம்மா" என்றது. "ஓம் எண்டு சொல்லு" என்றார் அம்மா. கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஓம், அம்மம்மா" என்றது பிள்ளை.