சிந்திய மதுவும் பின்னிய பெயர்களும்

சார்லஸ் டிக்கன்ஸின் ‘இரு நகரங்களின் கதை’யில் எனக்கு மறக்கவே முடியாத இடம் கடைசி கில்லட்டின் காட்சி இல்லை. பாரிஸின் செயிண்ட் ஆன்டுவான் தெருவில் ஒரு மதுப் பீப்பாய் விழுந்து உடைகிறதே, அதுதான். ஜனங்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார்கள். கல் தரையின் குழிகளில் தேங்கியதைக் கையால் அள்ளிக் குடிக்கிறார்கள். தாய்மார்கள் துணியில் நனைத்துக் குழந்தைகளின் வாயில் பிழிகிறார்கள். முடிந்ததும் ஒருவன் மது ஊறிய சேற்றைத் தொட்டுச் சுவரில் ‘ரத்தம்’ என்று எழுதுகிறான்.

மது ரத்தத்தின் குறியீடு. சரி, இது பரீட்சைக் குறிப்பிலேயே இருக்கும். ஆனால், ஏன் அந்தத் தெரு?

செயிண்ட் ஆன்டுவான் கற்பனை இடம் இல்லை. மேசை நாற்காலி செய்யும் தச்சர்கள் நிறைந்த நிஜமான தொழிலாளர் பகுதி. பக்கத்திலேயே எட்டுக் கோபுரங்களோடு பஸ்தீல் சிறைக்கோட்டை. இந்தக் காட்சி நடக்கும் 1775ஆம் ஆண்டில்தான் ரொட்டி விலை ஏறி ‘மாவுப் போர்’ என்ற கலகம் வெடித்தது. பாரிஸுக்குள் வரும் மதுவுக்கும் நுழைவு வரி உண்டு. 1789 ஜூலையில், பஸ்தீல் விழுவதற்கு முந்தைய நாட்களில் ஜனங்கள் கொளுத்தியது நகர எல்லைச் சுங்கச்சாவடிகளை. ஆக, அந்தத் தெருவில் மது வெறும் சிவப்பு நிறம் இல்லை. காசு கொடுத்து வாங்க முடியாத ஒரு பொருள்.

அதே தெருவின் மதுக்கடையில் மேடம் டிஃபார்ஜ் பின்னிக்கொண்டே இருக்கிறாள். சாக வேண்டியவர்களின் பெயர்கள் அந்தப் பின்னலில் ஏறுகின்றன. மாடியில் டாக்டர் மானெட் செருப்புத் தைக்கிறார். விசாரணையே இல்லாமல் 18 வருடம் பஸ்தீலில் கிடந்தவர். பெயர் கேட்டால் ‘நூற்றைந்து, வடக்குக் கோபுரம்’ என்கிறார். பிரபுக்களின் அரசு ஒரு மனிதனின் பெயரை அழித்தது. இவள் பெயர்களைச் சேர்க்கிறாள். இரண்டிலும் விசாரணை கிடையாது.

இத்தனைக்கும் இருவரையும் நாசமாக்கியது ஒரே குடும்பம். அவளுடைய அக்காவுக்கு நடந்த கொடுமையைப் புகார் செய்ததால்தான் மானெட் சிறைக்குப் போனார். அங்கே அவர் ஒளித்து எழுதிய சாபமே பிறகு சொந்த மருமகனுக்கு மரண தண்டனை வாங்கிக் கொடுக்கிறது. நியாயமான கோபம் யார் கைக்குப் போகும், யார்மேல் விழும் என்று எழுதியவருக்கே தெரியவில்லை.

டிக்கன்ஸோடு எனக்கு ஒரு சண்டையும் உண்டு. பஸ்தீல் தாக்குதலை அவர் கடலாக எழுதுகிறார். கடல் பொங்கும், அடிக்கும், அவ்வளவுதான். அதற்குக் காரணம் தேவையில்லை. ஆனால், 1789 ஜூலை 14 அன்று வந்தவர்களுக்குக் காரணம் இருந்தது. காலையில் துப்பாக்கிகளைக் கைப்பற்றியாகிவிட்டது. வெடிமருந்து கோட்டைக்குள் இருந்தது. உள்ளே இருந்த கைதிகள் 7 பேர்தான். தெருவில் பசியை அத்தனை நுணுக்கமாகப் பார்த்த எழுத்தாளர், கோட்டை வாசலில் முகங்களை அலைகளாக்கிவிடுகிறார்.

ஆனாலும் 1859இல் அவர் இதை எழுதியது லண்டன்வாசிகளுக்கு. அவர் காட்டும் பழைய லண்டனிலும் கள்ளக் கையெழுத்துக்குத் தூக்குத்தான். அவருடைய அப்பாவே 1824இல் கடனுக்காகச் சிறையில் இருந்தவர். அந்தப் பீப்பாய் தங்கள் தெருவிலும் உடையலாம் என்று அந்த வாசகர்களுக்குப் புரிந்திருக்கும், இல்லையா?